‘கண்ணில் ஒன்றும் இல்லை’ என்றார்கள், ஆனால் கோடு வளைகிறது

கேட்டவரின் நிலை சுருக்கமாக இது. வயது 41, கணக்கு வேலை. ஒரு மாதமாக வலது கண்ணில் கோளாறு. கணினித் திரையில் எண்கள் நிற்கும் பத்தியின் நேர்க்கோடு நடுவில் மட்டும் உள்வாங்கி வளைகிறது. அந்த இடத்து எண்கள் இடது கண்ணில் தெரிவதைவிடச் சற்றுச் சிறியவையாகத் தெரிகின்றன. கண் மருத்துவமனைக்குப் போனார், பலகையில் கடைசி வரிவரை படித்துவிட்டார். “6/6 இருக்கிறது, கண்ணில் ஒன்றும் இல்லை, திரை பார்ப்பதைக் குறையுங்கள்” என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வளைவு போகவில்லை. வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். மூக்கடைப்புக்கு நெடுநாளாக ஸ்ப்ரே போடுவதையும், கணக்கு முடிக்கும் காலம் என்பதால் தூக்கம் கெட்டிருப்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். மறுபடி போய் நின்றால் சிரிப்பார்களோ என்று தயங்குகிறார்.

சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் போங்கள், இந்த வாரத்திற்குள் போங்கள். விழித்திரைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பார்வைப் பரிசோதனை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான், மருத்துவர் அல்ல. இங்கிருந்தபடி உங்களுக்கு நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கண்ணில் மட்டும், ஒரே இடத்தில், நாள் தவறாமல் கோடு வளைகிறது என்று ஒருவர் சொன்னால், அதை மனப்பிரமைக் கணக்கில் எழுத நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரமைக்கு வலது கண், இடது கண் என்ற பேதம் தெரியாது.

முதலில், உங்களுக்குச் செய்த பரிசோதனை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எழுத்துப் பலகையை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற மருத்துவர் 1862ல் வெளியிட்டார். 6 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை அடையாளம் காண முடிந்தால் 6/6. அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு சிறிய எழுத்தை உங்களால் இன்னதென்று சொல்ல முடிகிறது? எழுத்தின் கால் நேராக நிற்கிறதா, நெளிகிறதா என்று அது கேட்பதே இல்லை. நெளிந்த E-யும் E-தான், படித்துவிடலாம். போதாக்குறைக்கு, பார்வை மையத்தில் கோளாறு உள்ளவர்கள் தங்களை அறியாமலே கண்ணைச் சற்று நகர்த்தி, நன்றாக இருக்கும் இடத்தால் எழுத்தைப் பிடித்துவிடுவார்கள். பரிசோதிப்பவருக்கு அது தெரியாது, பல நேரம் படிப்பவருக்கே தெரியாது. 6/6 வாங்கிக்கொண்டு வாசற்கதவின் நிலை வளைந்து தெரிகிறது என்று சொல்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இதில் அந்த மருத்துவமனையின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. காலை நெரிசலில் வந்து உட்காருகிறவர் “மங்கலாக இருக்கிறது” என்றால் எல்லோரும் முதலில் பவரைத்தான் பார்ப்பார்கள். பவர் சரி, கண் சிவக்கவில்லை, வலியில்லை என்றால் கண் உலர்வு என்று முடிவு கட்டுவது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். உங்கள் விஷயத்தில் விடுபட்டது என்ன என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்காரவைத்து, அதன் பிறகு பிரகாசமான விளக்கால் கண்ணுக்குள் பார்த்தார்களா? அன்று மாலைவரை போன் திரை படிக்க முடியாமல் கண் கூசியதா? இல்லை என்றால், கண்ணின் முன்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். விழித்திரையை யாரும் முறையாகப் பார்க்கவில்லை. பாப்பாவை (கண்ணுக்குள் ஒளி நுழையும் நடுத் துளையை) மருந்தால் விரிக்காமல் உள்ளே பார்ப்பது கதவிடுக்கு வழியாக அறையைப் பார்ப்பதற்குச் சமம்.

பாப்பாவை விரித்துப் பார்த்தாலும் சில விஷயங்கள் தப்பிவிடும். பார்வை மையமான மேக்குலாவின் நடுவில் விழித்திரையின் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். அதன் அடியில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தேங்கியிருந்தால் அனுபவமுள்ள கண்ணுக்கும் சில சமயம் அகப்படாது. அதற்காகத்தான் ஓசிடி ஸ்கேன் இருக்கிறது. 1991ல் அமெரிக்காவில் உருவான முறை இது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து விழித்திரையின் குறுக்குவெட்டை அடுக்கு அடுக்காகப் படமாக்கும். தாடையை ஒரு பலகையில் வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், சில வினாடிகளில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. கோடு வளைகிறது என்று சொல்லும் நோயாளிக்கு ஓசிடி எடுக்காமல் “ஒன்றும் இல்லை” என்பது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

கோடு ஏன் வளைகிறது? விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் நெருக்கமாக, ஒழுங்காக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் எந்த இடத்திலிருந்து செய்தி அனுப்புகிறது என்பது மூளைக்கு மனப்பாடம். விழித்திரை மேலே தூக்கப்பட்டாலோ, சுருங்கினாலோ, இழுக்கப்பட்டாலோ செல்கள் இடம் மாறிவிடும். மூளை பழைய கணக்கையே வைத்துக்கொண்டு படம் வரையும், கோடு வளையும். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் பொருள் சிறியதாகத் தெரியும், நெருங்கினால் பெரியதாகத் தெரியும். எண்கள் சிறியவையாகத் தெரிகின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையை அதிகம் பார்த்துக் கண் களைத்தால் அப்படித் தெரியாது.

மருத்துவரிடம் போவதற்குள் வீட்டிலேயே சிலவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். விரலால் அழுத்தாதீர்கள், அழுத்திய கண் சிறிது நேரம் எல்லாவற்றையும் மங்கலாகவே காட்டும். வலது கண்ணில் மட்டும் வளைவு தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மட்டும் இரட்டையாகத் தெரிந்து, எந்தக் கண்ணை மூடினாலும் சரியாகிவிட்டால் அது வேறு வழக்கு: கண்களை அசைக்கும் தசைகள், நரம்புகள் பக்கம் தேட வேண்டும், அதுவும் சீக்கிரமாக. அடுத்து, கெட்டி அட்டையில் தடித்த ஊசியால் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு அதன் வழியாகப் பாருங்கள். துளை வழியே தெளிவாகிவிட்டால் கோளாறு பவர், கருவிழி, லென்ஸ், கண்ணீர்ப் படலம் ஆகியவற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். துளை வழியாகவும் வளைவு அப்படியே நின்றால் சந்தேகம் விழித்திரையின் மேல் திரும்புகிறது. நான்கைந்து முறை நன்றாகச் சிமிட்டியதும் மாறினால் உலர்வு. கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைக் கழற்றியும் பாருங்கள். கனமான மைனஸ் கண்ணாடியும் புதிய புரோகிரெசிவ் கண்ணாடியும் ஓரங்களில் கோட்டை வளைப்பது அவற்றின் இயல்பு. புதிதாக சிலிண்டர் பவர் சேர்த்தால் தரையே சாய்ந்து தெரியும், ஓரிரு வாரத்தில் பழகிவிடும்.

இவற்றில் முக்கியமானது ஆம்ஸ்லர் கட்டம். சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 10 சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் 5 மில்லிமீட்டர் கட்டங்கள், பக்கத்துக்கு 20 வீதம் 400 கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. நீங்களே கணினியில் வரைந்து அச்செடுக்கலாம். படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். பார்வையைப் புள்ளியை விட்டு நகர்த்தாமல், எங்கே கோடு நெளிகிறது, எங்கே கட்டம் மங்குகிறது அல்லது விடுபடுகிறது என்று கவனியுங்கள். பிறகு அதையே பென்சிலால் அச்சின் மேல் வரைந்து தேதி போடுங்கள். தனி நோட்டில் எழுதும் பத்து வரி விளக்கத்தைவிட அந்தக் காகிதம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். விழித்திரை மருத்துவர் அதைப் பார்த்ததும், ஸ்கேனில் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை: கட்டம் நேராகத் தெரிந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. விடுபட்ட இடங்களை மூளை தானாக நிரப்பிவிடும். ஆரம்ப நிலை நோய்கள் பல இந்தக் கட்டத்தில் சிக்காமல் போகின்றன. வளைந்தால் நம்புங்கள், வளையாவிட்டால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மணிக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். நாளுக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போதும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 30 முதல் 50 வயதுக்குள் இருக்கும் ஆண், ஒரு கண், நடுவில் வளைவு, பொருள் சிறியதாகத் தெரிவது, தூக்கக் குறைவு, மன அழுத்தம், ஸ்டீராய்டு என்று அடுக்கினால், எந்த விழித்திரைப் பிரிவிலும் முதலில் எழும் சந்தேகம் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி. பேர் நீளம், மருத்துவமனையில் சிஎஸ்ஆர் என்றே சொல்வார்கள். விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்த படலத்திலிருந்து நீர் கசிந்து, மேக்குலாவின் கீழே சின்னக் குமிழியாகத் தேங்கி அதைத் தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்ட விழித்திரை லென்ஸுக்கு ஒரு நூல் அளவு அருகில் வந்துவிடுவதால் அந்தக் கண்ணுக்கு மட்டும் சிறிய பிளஸ் பவர் தோன்றும். பிளஸ் கண்ணாடி வைத்ததும் பலகை தெளிவாகப் படிக்கும். கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று பிளஸ் வந்தால் நான் மருத்துவர் சொல்வதற்கு முன்பே ஓசிடி அறையைக் காட்டிவிடுவேன். எதிர்வரும் வண்டியின் விளக்கு பட்ட பிறகு அந்தக் கண் தெளிய மற்றதைவிட நேரம் எடுக்கிறதா என்றும் கவனித்துப் பாருங்கள். மேக்குலா கோளாறுகளில் அப்படி நடக்கும்.

ஸ்டீராய்டு என்றதும் பலரும் “நான் அதெல்லாம் எடுப்பதில்லை” என்பார்கள். பையைக் கொட்டச் சொன்னால் கதை மாறும். ஒவ்வாமைக்குப் போடும் மூக்கு ஸ்ப்ரேக்களில் மோமெட்டசோன், ஃபுளூட்டிகசோன், புடசோனைடு இருந்தால் அவை ஸ்டீராய்டுதான். ஆக்ஸிமெட்டசோலின் போன்றவை அல்ல. ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டுக்குள் போட்ட ஊசி, தேமல் களிம்பு, முகம் வெளுக்கக் கடையில் வாங்கும் கிரீம், பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் வலி மருந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை, ஊசி அளவுக்கு இல்லாவிட்டாலும், ஸ்ப்ரேயும் களிம்பும் போட்டவர்களிடமும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு எழுதிய கண் சொட்டு மருந்தின் பெயரையும் படியுங்கள். மசகு மருந்து என்றால் கெடுதல் இல்லை. பிரட்னிசலோன், டெக்சாமெத்தசோன், லோட்டிபிரட்னால் என்று இருந்தால் போனிலாவது உடனே கேளுங்கள். மாத்திரையாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உடலே நிலைகுலையும். எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

சிஎஸ்ஆர் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் தானாக வடியும். அதனால்தான் மருத்துவர்கள் “பொறுத்துப் பார்க்கலாம்” என்பார்கள். எப்ளெரினோன் மாத்திரை பல ஆண்டுகளாகப் பரவலாக எழுதப்பட்டது. நாள்பட்ட நோய்க்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2020ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. வடியாமல் நின்றால் லேசர், உடலில் செலுத்திய மருந்தை ஒளியால் தூண்டும் போட்டோடைனமிக் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. திரும்ப வரும் குணம் உடையது என்பதால் குணமான பிறகும் ஸ்டீராய்டு எழுதும் எந்த மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வேறு காரணங்களும் இருக்கலாம். வயது 50 தாண்டியவருக்கு விழித்திரையின் மேல் மெல்லிய சவ்வு படர்ந்து அதைச் சுருக்கலாம், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல் சுருங்கும்போது மேக்குலாவைப் பிடித்து இழுக்கலாம். இரண்டும் மெதுவான நோய்கள். சர்க்கரை நோயாளிக்கு மேக்குலா வீங்கலாம். இருபது வயதுக்காரர் கண்ணைக் கசக்கும் பழக்கத்தோடு எழுத்துக்கு நிழல் விழுகிறது என்றால் கருவிழி கூம்பிக்கொண்டு போகிறதா என்று டோப்போகிராஃபி, அதாவது கருவிழியின் வரைபடம், எடுக்க வேண்டும்; சாதாரணப் பவர் பரிசோதனை ஆரம்பத்தில் அதைத் தவறவிடும். இரண்டு கண்ணிலும் பளபளக்கும் பல்வரிசைக் கோடு தோன்றி, விரிந்து, அரை மணிக்குள் மறைந்தால் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி. தலை வலிக்காமலும் அது வரும்.

காத்திருக்கக் கூடாதவற்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகக் கோடு வளைந்தால் நாட்கணக்கு முக்கியம். வயது முதிர்வால் மேக்குலாவுக்கு அடியில் கெட்ட ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்தால், கண்ணுக்குள் ஊசி போட்டு அடக்க வேண்டும். தாமதித்தால் வடுவாகிவிடும், வடுவை யாராலும் திருப்ப முடியாது. மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென்று கொட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை கிழிவதற்கும் பிரிவதற்கும் அடையாளம். அன்றைக்கே போக வேண்டும். பார்வை மாற்றத்தோடு வாய் குழறினாலோ, கை கால் மரத்தாலோ கண் மருத்துவமனைக்கு அல்ல, நேராகப் பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மறுபடி போகும்போது என்ன சொல்வது? “மங்கல்” என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். “வலது கண்ணில் மட்டும், நடுவில், நேர்க்கோடு வளைகிறது, எழுத்து சிறியதாகத் தெரிகிறது, ஒரு மாதமாக மாறவில்லை” என்று சொல்லி, பென்சில் போட்ட கட்டத்தை மேசையில் வையுங்கள். “போன முறை பாப்பாவை விரித்துப் பார்க்கவில்லை. விழித்திரை மருத்துவர் பார்க்க முடியுமா, ஓசிடி தேவையா?” என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அதே இடத்தில் ஓசிடி இல்லையென்றால் விழித்திரைப் பிரிவு தனியாக உள்ள மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செலவு தடையாக இருந்தால் சென்னையில் 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் கேட்கலாம். கண்ணில் மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது. எனவே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஸ்கேன் படத்தின் பிரதியை வாங்காமல் வராதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட அது இல்லாவிட்டால், குறைந்ததா கூடியதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஓசிடியும் சுத்தமாக வந்தால்? அப்போது அந்த “ஒன்றும் இல்லை” என்பதற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் இந்த முறை சரியான இடத்தில் தேடியிருக்கிறார்கள். கருவிழியின் வரைபடம், உலர்வுச் சோதனை, கண் அசைவுச் சோதனை என்று மிச்சமிருப்பவற்றை முடித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்லலாம். வளைவின் அளவை எண்ணாகச் சொல்ல எம்-சார்ட் என்ற கோட்டட்டைகள் உண்டு. எல்லா இடத்திலும் கிடைக்காது, இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, பயந்துபோன மனம் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். நெடுநாளாக இருந்த மிதக்கும் இழைகள், நீல வானில் ஓடும் ஒளிப்புள்ளிகள் எல்லாம் புதிய நோயாகத் தோன்ற ஆரம்பிக்கும். அவை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும், நகர்ந்துகொண்டே இருக்கும். நிலையாக ஒரே இடத்தில் நிற்கும் வளைவை அவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காரணம் தெரிந்து, “பொறுங்கள்” என்று சொல்லிவிட்டால், எத்தனை வாரம், எந்தத் தேதியில் அடுத்த ஸ்கேன், எது நடந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். நீர் வடிந்து ஸ்கேனில் விழித்திரை தட்டையாகத் தெரிந்தபின்னும் வளைவு சில மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். சவ்வை அறுவையில் உரித்தவர்களுக்கும் முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும், சிலருக்கு லேசான நெளிவு தங்கியே விடும். அதுவரை வேலையை நிறுத்தத் தேவையில்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று நிறம் கொடுத்துப் பிரியுங்கள், கணக்கைச் சரிபார்க்கும்போது ஒரு அட்டையை வரிக்குக் கீழே வையுங்கள். இரண்டு கண்ணின் படமும் மோதித் தலை வலித்தால், படிக்கும் நேரத்துக்கு மட்டும் வலது கண்ணாடியில் மங்கல் டேப் ஒட்டிக்கொள்ள மருத்துவரிடம் கேட்கலாம். ஆழம் கணிப்பது தடுமாறும் என்பதால் சுடுநீர் ஊற்றும்போது பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஊற்றுங்கள். இரவில் இரு சக்கர வண்டியை, மருத்துவர் ஓட்டலாம் என்று சொல்லும்வரை, வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருங்கள்.